கப்பல் படி ஏறிய நாள்

1

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வாசிகசாலை மலரில் என் பெயரைக் கண்டு யாரும் பதற வேண்டாம். நான் சொல்கிறேன், என் மருமகள் வதனி எழுதுகிறாள். நான் கதைக்கிற மாதிரியே எழுதினால் மலர்க்குழு மலரையே நிறுத்திவிடும் என்று சொல்லி, அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கிப் போடுகிறாள்.

"கதையை மாத்தாமல் போடு பிள்ளை, மிச்சத்தை நீ என்னவும் செய்" என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் காரணம் என் மச்சாள் பூரணம். போன கிழமை ஊரிலிருந்து போன் எடுத்தாள்.

"கப்பலிலை போனியளாம், உண்மையே மச்சாள்?"

"ஓம், போனனான்."

"அந்தக் கப்பல் படி ஏறினதாம்?"

"ஓம், ஏறினது."

"ஆரின்ரை காதிலை பூச் சுத்துறியள் மச்சாள்?"

ஏறியது. மூன்று படி ஏறி, மேலே ஒரு குளத்தில் ஓடி, மற்றப் பக்கம் மூன்று படி இறங்கியது. நான் வெறும் வயிற்றோடு நின்று பார்த்தேன். பூரணம் நம்பாவிட்டால் அச்சில் வந்த பிறகாவது நம்பட்டும்.

2

நான் இருப்பது மொன்றியலில் வில்லரே என்ற பகுதியில், ஒரு மேல்மாடி வீட்டில். இங்கே பழைய வீடுகளுக்குப் படி வெளியில்தான். தெருவிலிருந்து மாடிக்கு இரும்புப் படி வளைந்து வளைந்து ஏறும். பனி கொட்டுகிற நாட்டில் படியைக் கொண்டுபோய் வெளியில் வைத்தது எந்த மகராசனின் யோசனை என்று எனக்குத் தெரியாது. ஆனால் பழகிவிட்டது. கோயிலுக்கு ஒரு பஸ். சந்தைக்கு நடை. கீழே மூலையில் டெப்பனர் கடை. பாலும் பாணும் அங்கேயே எடுக்கலாம், கடைக்காரர் 'போன்ஜூர் மடாம்' என்று சொல்லி நாலு கதையும் கதைப்பார். என் பிரெஞ்சு தையல் தொழிற்சாலையில் படித்தது. சட்டைக் கொலர் தைத்த வருடங்களில் காதால் பொறுக்கியது. அங்கே முதலில் படித்த சொல் 'வீத், வீத்'. கெதியாய், கெதியாய். இன்றைக்கும் சமைக்கும்போது வாயில் வரும்.

என் மகன் சிறி இஞ்சினியர். அவனும் வதனியும் இருப்பது இல்-பிசார். அது தீவுதான், ஆனால் எங்கள் தீவுகள் மாதிரி இல்லை. சேவல் கூவாது, ஒருவரும் மதிலுக்கு மேலால் கூப்பிட மாட்டார்கள். வீடுகள் தனித்தனி, பெரிது பெரிது. பஸ் வந்தால் வரும். கோடையில் மட்டும் அக்கரைக்குப் பாதை என்கிற மிதவை ஓடும். எங்கள் பக்கத்தில் வாகனம் ஏற்றி இழுப்பார்களே, அதே மாதிரிப் பாதைதான். கனடாவுக்கு வந்து நான் ஏறிய ஒரே கப்பல் அதுவாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் தனியே. போன குளிர்காலத்தில் இரும்புப் படியில் வழுக்கி முழங்காலைத் தட்டிக்கொண்டேன். ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்று தொடக்கம் மகன் ஒரே பாட்டு.

"அம்மா, எங்களோடை வந்து இருங்கோ. கீழை ஒரு அறை சும்மா கிடக்கு. படியே இல்லை."

"பாப்பம் தம்பி."

"பாப்பம் எண்டால் இல்லை எண்டு தானே அர்த்தம்?"

"பாப்பம் எண்டால் பாப்பம்."

பிறகு என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இந்தக் கப்பல் பயணத்தைக் கொண்டுவந்து நீட்டினான். புளோரிடாவில் ஏறி, பனாமாக் கால்வாயைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பழைய துறைமுகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு மேலே போவது. சொகுசுக் கப்பல். நான் சந்தோஷத்தில் அவனுடைய தலையைப் பிடித்துக் கொஞ்சினேன். கொஞ்சி முடிய அவன் சொன்னான்:

"ஒரு கண்டிசன். கப்பலாலை இறங்கிற அண்டைக்கு எனக்கு மறுமொழி வேணும். ஒண்டில் வாறன் எண்டு சொல்லுங்கோ, ஒண்டில் மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

மாட்டன் என்ற சொல்லை நான் பெட்டி அடுக்கும்போதே சேலைகளோடு வைத்து அடுக்கிவிட்டேன். மகனுக்குத்தான் தெரியாது.

3

ரிக்கற் எல்லாம் எடுத்த பிறகுதான் வதனி கோயில் கலண்டரைப் பார்த்தாள்.

"மாமி, கப்பல் ஏறுற அண்டைக்குக் கந்தசட்டி துவங்குது."

வேறு யாருக்காவது இப்படி நடக்குமோ தெரியாது. விடிந்தால் பொழுதுபட்டால் சாப்பாடு போடுகிற கப்பலுக்கு, விரதம் பிடிக்கிற ஆறு நாளையும் பார்த்து ரிக்கற் எடுக்க எங்கள் வீட்டு ஆட்களால்தான் முடியும். நான் கலியாணம் கட்டின வருடம் தொடக்கம் சட்டி விட்டதில்லை. பகல் முழுக்கத் தண்ணீர், பொழுதுபடப் பாலும் பழமும். கடைசி நாள் சூரன்போரன்று தண்ணீர் மட்டும். மறுநாள் காலை பாறணையோடு விரதம் முடியும்.

"ஒரு வருசம் விட்டால் முருகன் கோவிக்கமாட்டார் அம்மா" என்றான் சிறி.

"முருகன் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன்."

"நடுக்கடலிலை மயங்கி விழுந்தால் ஆர் பாக்கிறது?"

"நான் ஏன் விழுறன்?"

"சரி. விழுந்தியள் எண்டால் பேந்து கதையே இல்லை. எங்களோடை தான் இருக்கிறியள்."

"விழாட்டில்?"

அவன் யோசித்தான். "விழாட்டில் உங்கடை விருப்பம்."

வதனி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அதிகம் கதைக்காத பிள்ளை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

துறைமுகத்தில் ஒரு பெண் கையெழுத்துக் கேட்டாள். என் கையெழுத்து என்பது குடியுரிமை எடுக்கும்போது அவர் சொல்லித் தந்த ஒரு கோடு. தொடக்கத்தில் ஒரு சுழி, முடிவில் ஒரு வால். நடுவில் என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருநாளும் பிழைத்ததில்லை. கீறிக் கொடுத்தேன். 'பியூட்டிபுல்' என்றாள்.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல? அது கப்பல் இல்லை, கடலுக்கு இறங்கிப்போன ஒரு பட்டணம். கண்ணாடியில் லிப்ற். சுற்றிலும் கடல் கிடக்க அதற்கு மேலே ஒரு குளம் கட்டி அதில் குளிக்கிறார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் வத்தகப்பழத்தை மனித முகமாக வெட்டி வைத்திருந்தார்கள். இறாலை மலையாகக் குவித்திருந்தார்கள். விரதகாரி கண்ணையும் மூட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் மூன்று நேரமும் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்து இருந்தேன். சிறி கோப்பை நிறைய எடுத்து வந்து எனக்கு முன்னால் சாப்பிட வெட்கப்பட்டான்.

"சாப்பிடு தம்பி. நான் பாத்தே பசியாறுறன்."

"கண் இருட்டுதே?"

"இல்லை."

"தலை?"

"தலை இருந்த இடத்திலை தான் கிடக்கு."

4

எனக்கு ஒரு தனி அறை, அவர்களுக்குப் பக்கத்து அறை. ஆனால் அறைகளுக்கு நடுவே போகிற ஓடையில் எல்லாக் கதவும் ஒரே நிறம். இலக்கம் எனக்குத் தெரியும். ஆனால் நாலு இலக்கத்தைச் சின்னதாக எழுதி மங்கல் விளக்கில் வைத்தால் நான் என்ன செய்வது? முதல் நாளே திருநீற்றைக் குழைத்து என் கதவில் மூன்று குறி இழுத்துவிட்டேன். வடிவாக இருந்தது.

மறுநாள் காலை குறியைக் காணவில்லை. அறை துப்புரவாக்குகிற ரமோன் என்ற பிலிப்பீன்ஸ் தம்பி துடைத்துவிட்டான். நான் திரும்ப இழுத்தேன். அவன் திரும்பத் துடைத்தான். ஏதோ பிள்ளைகள் சோக்கால் கீறுகிறார்கள் என்று நினைத்திருக்கிறான்.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் தனியே மேலே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். குறியில்லை. ஒரு கதவில் சாவி அட்டையை வைத்தேன், திறக்கவில்லை. தட்டினேன். வெள்ளைத் தலையோடு ஒரு அம்மா திறந்தாள். உள்ளே வானொலியில் யாரோ பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

"போன்ஜூர் மடாம்! மா போர்த், பெர்து!" என்றேன். என் கதவு, தொலைந்துபோயிற்று.

அவள் சிரித்த சிரிப்பில் கப்பல் ஆடியது. பெயர் லீஸ். அவளும் எங்கள் கெபெக் மாகாணம்தான். என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி ஒரு கேக்கை நீட்டினாள். நான் கையைக் கூப்பி, "ஸீ ஜூர், பா மொன்ஜே. லெ போன் தியு" என்று மேலே காட்டினேன். ஆறு நாள், சாப்பாடு இல்லை, கடவுளுக்கு. லீஸுக்கு உடனே விளங்கிவிட்டது. சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் தங்களையும் தவக்காலத்தில் பட்டினி போட்டார்களாம், இப்போது ஊரில் ஒருவரும் பிடிப்பதில்லையாம். கேக்கை மூடி வைத்துவிட்டு அவளும் தண்ணீர் குடித்தாள். நாங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். அவளுடைய மகளும் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

தோளை ஒருதரம் உயர்த்தி இறக்கினாள். எல்லா நாட்டிலும் 'பாப்பம்' அதுதான்.

நாங்கள் இப்படி இருக்க, வெளியே சிறி கப்பல் முழுக்க என்னைத் தேடிக்கொண்டிருந்தான். லீஸ் என்னைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்டபோது அவனுடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"பாத்தியளே அம்மா! கப்பலுக்குள்ளையே துலைஞ்சு போறியள்."

"நான் துலையேல்லை. கதவு தான் துலைஞ்சது."

"பகிடி விடாதையுங்கோ. வில்லரேயிலை தனிய இருக்கேக்குள்ளை இப்பிடி நடந்தால்?"

"வில்லரேயிலை ஆரும் என்ரை கதவைத் துடைக்கிறேல்லை."

வதனி போய் ரமோனுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். அதற்குப் பிறகு அந்தத் தம்பி கதவு முழுக்கத் துடைத்து, மூன்று குறியை மட்டும் விட்டுவைத்தான். சுற்றியிருந்த இடம் மினுங்க, திருநீறு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஆனால் மகனுடைய கணக்கில் எனக்கு ஒரு புள்ளி குறைந்துவிட்டது. இனி விழாமல் இருந்தால்தான் தப்பலாம்.

5

அடுத்த துறை கார்த்தஹேனா. ஸ்பெயின்காரர் கட்டின பட்டணம், சுற்றிவரக் கோட்டை மதில். வெயில் என்றால் எங்கள் ஊர்ச் சித்திரை வெயில். மதில் நிழலில் கையை ஊன்றினேன். கல்லுக்குள் சின்னச் சின்னப் பூப்பூவாகக் கிடந்தது. முருகைக்கல். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையும் கடலிலிருந்து எடுத்த இதே கல்தான். ஸ்பெயின்காரனோ ஒல்லாந்தனோ, யார் வந்தாலும் பிடித்த இடத்துக் கடலைத் தோண்டித்தான் மதில் கட்டியிருக்கிறான்.

நானும் வதனியும் அந்த நிழலில் இருந்துவிட்டோம். சிறி படம் எடுக்கப் போனான். வதனி கதைக்கத் தொடங்கினாள். தன் பள்ளிக்கூடம், தன் தாய் வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பு, போன மாரியில் முற்றத்துக்கு வந்த நரி, வேலைக் கந்தோரில் ஒருத்தி கூட்டத்தின் நடுவில் நித்திரையானது. நிற்காமல் கதைத்தாள். வழிகாட்டி எங்களை விட்டுவிட்டுப் போய், பிறகு மூச்சிரைக்கத் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போனான். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கதை எங்கே கிடந்தது என்று எனக்கு அதிசயம். அதைத்தான் யோசித்தேன். அதற்கு மேலே யோசிக்கவில்லை.

6

ஆறாம் நாள், சூரன்போரன்று, கால்வாய்.

விடிய முதலே எல்லோரும் வெளித்தட்டில். சிறி எனக்கு ஒரு கதிரை, ஒரு தொப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்துவிட்டு, பக்கத்தில் குஞ்சைக் காக்கிற கோழி மாதிரி நின்றான். முன்னால் பெரிய கதவுகள். எவ்வளவு பெரிய கப்பல், அதற்கு முதல் கயிற்றைக் கொண்டு வந்தது இரண்டு பேர் துடுப்புப் போட்ட ஒரு சின்ன வள்ளம்! நான் கை தட்டினேன். பிறகு இரண்டு கரையிலும் தண்டவாளத்தில் ஓடுகிற இஞ்சின்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டன. கப்பல் உள்ளே போனது. பின்கதவு மூடியது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஒரு சத்தமில்லை. பம்ப் கூட இல்லையாம். மேலே குளத்துத் தண்ணீர் தானாக இறங்கி வந்து கப்பலைத் தூக்குமாம். கரையில் நின்ற விளக்குக் கம்பங்கள் மெல்ல மெல்லத் தாழ்ந்து போயின. ஒரு படி. பிறகு முன்கதவு திறந்து அடுத்த படி.

இவ்வளவு பெரிய கப்பல் தன்பாட்டில் ஏறவில்லை, இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார்கள் என்பதை மகன் கவனிக்காமல் விட வேண்டுமே என்று நினைத்தேன். கவனித்துவிட்டான்.

"பாத்தியளே அம்மா? கப்பலே பிடிச்சுக்கொண்டு தான் படி ஏறுது."

"நானும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு தானடா ஏறுறன்."

பக்கத்தில் நின்ற லீஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சிரித்தாள்.

மூன்று படியும் ஏறிக் குளத்துக்கு வந்தோம். இரண்டு பக்கமும் காடு. வெயில் உச்சிக்கு வந்தது. என் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. சிறிக்குப் பசி பொறுக்கவில்லை.

"அம்மாவைப் பாத்துக்கொள்ளும் வதனி, அஞ்சு நிமிசத்திலை வாறன்."

அவன் போனான். வதனி கம்பியில் சாய்ந்து நின்றாள். அவளுடைய உதடு வெளுத்திருந்தது. "பிள்ளை?" என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள், அப்படியே மடிந்து வந்தாள். நான் பிடித்துவிட்டேன். எழுபத்தைந்து வயதில், ஆறு நாள் விரதத்தில், நான் அவளைப் பிடித்து, லீஸும் மற்றப் பக்கம் பிடித்து, என் கதிரையில் இருத்தினோம். முகத்தில் தண்ணீர் அடித்தேன். கண் திறந்தாள்.

"ஏதும் சாப்பிட்டனியோ காலமை?"

"இல்லை மாமி. நானும் இண்டைக்கு விரதம்."

"நீ ஒருநாளும் பிடிக்கிறேல்லையே! ஏனடி ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவள் அழத் தொடங்கினாள். "முருகனுக்கு ஒரு நேத்தி வைச்சனான் மாமி."

"என்ன நேத்தி?"

"நீங்கள் விழ வேணுமெண்டு."

நான் தொப்பியைக் கழற்றி அவளுக்கு விசிறத் தொடங்கினேன்.

"பெரிசாய் இல்லை மாமி, சின்னதாய். மயக்கம் மாதிரி. விழுந்தால் எங்களோடை வந்து இருக்கிறன் எண்டு ஒத்துக்கொண்டனீங்கள் தானே."

இந்த இடத்தில் வதனி பேனையை நிறுத்திவிட்டாள். "இதையும் எழுத வேணுமே மாமி?" என்கிறாள். எழுது பிள்ளை. இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அவள் சொன்னதை அப்படியே போடுகிறோம்.

"அவர் இருட்டோடை போய் இருட்டோடை வாறார். எங்கடை மகள் அபி படிக்கவெண்டு ரொறன்ரோவுக்குப் போட்டாள். போன் எடுத்தால் பிரெஞ்சிலை ரெண்டு சொல்லு, இங்கிலீசிலை ரெண்டு சொல்லு, வைச்சிடுவாள். எனக்கு வேலை வீட்டிலை, கொம்பியூட்டரிலை. பனி துவங்கினால் கார் ஓடப் பயம். பகல் முழுக்க ஒரு மனுசரோடை கதைக்கிறேல்லை மாமி. உங்களைப் பாக்க எண்டு அவர் சொல்லுறார். என்னைப் பாக்கத்தான் நான் உங்களைக் கேக்கிறன்."

ஒரு கப்பலில், ஒரே நாளில், ஒரே முருகனிடம், நான் விழக்கூடாது என்று நானும், நான் விழ வேண்டும் என்று இவளும் விரதம். அந்த மனுசன் என்ன செய்வார்? நேர்ந்தவளையே விழுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு நான், அந்தப் பயணத்திலேயே முதல்முறையாக, சாப்பாட்டு மண்டபத்தில் கோப்பை எடுத்தேன். சோறு, பருப்பு மாதிரி ஒன்று, வாழைப்பழம், தேசிக்காய்த் தண்ணீர். கொண்டுவந்து நானே ஊட்டினேன். "உன்ரை நேத்தி சரிவராது, அதை முறிக்கலாம்" என்றேன்.

சிறி ஓடிவந்தான். கதிரையில் மனைவி. பக்கத்தில் தொப்பியால் விசிறிக்கொண்டு தாய்.

"என்னம்மா நடந்தது? ஆர் விழுந்தது?"

"விரதகாரி ஒருத்தி விழுந்திட்டாள் தம்பி. நீ பாத்துக்கொண்டு நிண்ட ஆள் இல்லை."

7

பொழுதுபட முன்னம் மூன்று படி இறங்கி மற்றக் கடலுக்கு வந்தோம். ஒரு கடலில் தொடங்கிய விரதத்தை மறுநாள் காலை வேறொரு கடலில் முடித்தேன். லீஸ் பாறணைக்குத் தன் கேக்கோடு வந்தாள். அன்று தொடக்கம் கப்பல் இறங்கும்வரை நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று வதனி சொல்கிறாள். வழியில் மெக்சிக்கோவில் இன்னும் ஒரு பழைய துறை, இன்னும் ஒரு கோட்டை. அதற்குள்ளும் போனேன். வயிறு நிறைந்திருந்தால் கோட்டை எல்லாம் ஒன்று மாதிரித்தான்.

இறங்குகிற நாள் சிறி கேட்டான். "சரி அம்மா, மறுமொழி?"

நான் விழவில்லை. என் விருப்பம் என்று அவனே சொன்னவன்தான். ஆனால் வீட்டிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்த சொல்லை அப்படியே எடுத்துக் கொடுக்க இப்போது மனம் வரவில்லை.

"நான் வந்து இருக்கமாட்டன் தம்பி" என்றேன். வதனி கீழே பார்த்தாள். "வதனி வரட்டும். உன்ரை கந்தோர் உந்தக் கொம்பியூட்டருக்குள்ளை தானே பிள்ளை கிடக்கு? அதைத் தூக்கிக்கொண்டு வந்து என்ரை குசினி மேசையிலை திற. புதன் வா, சனி போ. கடும் பனிக்கு நான் உங்கடை தீவுக்கு வந்து கொஞ்ச நாள் நிப்பன்."

"அப்ப நான்?" என்றான் சிறி.

"உனக்கும் கதவு இருக்கு. குறி போட்டிருக்கிறன், தவறாது."

இன்று வெள்ளிக்கிழமை. வெளியே பனி கொட்டுகிறது. வதனி குசினி மேசையில் கொம்பியூட்டரை மூடிவிட்டு இதை எழுதுகிறாள். அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு, அவளுடைய தாயின் பக்குவத்தில். பின்னேரம் நானும் அவளும் படியில் பனி வழுக்காமல் இருக்க உப்புப் போட்டோம். கோயிலுக்குப் போக வேண்டும். இரண்டு கிழமையாகச் சிறி வேலை முடிந்து நேரே இங்கேதான் சாப்பிட வருகிறான். காரை விட இடம் கிடைக்கவில்லை என்று தினமும் ஒரு புறுபுறுப்பு.

கீழே இரும்புப் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. பாதியில் நிற்கிறான். மூச்சு வாங்குகிறான். வதனி பேனையை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். நான் உள்ளே இருந்தபடியே கூப்பிட்டுச் சொல்கிறேன்:

"கம்பியைப் பிடிச்சு ஏறடா தம்பி. வெக்கப்படாதை. கப்பலே பிடிச்சுக்கொண்டு தான் ஏறினது."